தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். 'நாங்கள் எல்லோரும் நலம்' என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அந்த 'நாங்கள்' என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த நாட்டு வெயிலில் கம்பி வளைக்கும்போது தலைக்குத் துண்டு கட்டிக்கொள்கிறீர்களா? முதுகு வலி தேவலையா? எல்லாவற்றுக்கும் பதில் எழுதுங்கள். ஆனால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டு எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்து “அம்மாகிட்ட குடு” என்கிறீர்கள். முதல் வாரம் தூங்குகிறார் என்றேன். அடுத்த வாரம் குளிக்கிறார் என்றேன். போன வாரம் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார் என்றேன். “ஏன், ரெண்டு பேரும் மறுபடி சண்டையா, அதான் அம்மா பேசலையா” என்று கேட்டீர்கள். மூன்றும் பொய். அத்தை உயிரோடு இருக்கிறார், இனி உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை நடந்த வரிசையில் சொல்கிறேன், தாவிப் படிக்க வேண்டாம்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குக் கோபம் வரும். உங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் போனுக்குக் காத்து நிற்கிறார்கள். நான் பாதி சொல்வதற்குள் அழுதுவிடுவேன், லைன் கட்டாகிவிடும், நீங்கள் மீதிப் பாதியை நீங்களாகவே கற்பனை செய்துகொண்டு மேஸ்திரியிடம் சண்டைக்குப் போவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா? அதனால்தான் கடிதம்.

நம் தெருவை டிவியில் காட்டினார்கள், தொழிலாளர் கேம்பில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டு இதுதான் எங்கள் தெரு என்று காட்டினேன் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டு வரிசை முழுக்க வண்ணத் துணி, ஓடுகிற பிள்ளைகளின் படம், பார்க்கவே பெருமையாக இருந்தது என்று. அத்தான், அந்தத் துணிக்குப் பின்னால்தான் நாங்கள் இருந்தோம். மூன்றாவது மாடிவரை மறைத்துக் கட்டியிருந்தார்கள். நம் ஜன்னலுக்கு நேராக ஒரு பையனின் முழங்கால் வந்தது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு சமைத்தேன். துவைத்த துணி நான்கு நாள் காயாமல் நாறியது. பந்தயப் பாதையில் நம் தெரு முனை வருகிறதாம், கேமராவில் கொடியில் காய்கிற துணியும் ஓட்டைச் சுவரும் விழக்கூடாதாம். நாங்கள் விழுந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

அந்த உலக விளையாட்டுப் போட்டி நடந்த நான்கு வாரமும் தெருவுக்குள் நுழையப் பாஸ். வீட்டுக்கு இரண்டு. நானும் அத்தையும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒரு நாள் முழுக்க நின்று வாங்கினோம். ஆட்டோ, பைக் எதுவும் உள்ளே வரக்கூடாது. கீழ்வீட்டு ஆட்டோக்காரர் வண்டியை மேம்பாலத்துக்கு அடியில் நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் லாரி தெரு முனையோடு திரும்பிப் போனது. நான் ஹோட்டல் சலவை வேலைக்குப் பத்து நிமிடத்தில் நடந்து போவேன் அல்லவா, அதே நடை ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மூன்று இடத்தில் சோதனை. அத்தை எனக்கு என்ன சாப்பாடு கட்டியிருக்கிறார் என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால் சோதிக்கிற காவலருக்குத் தெரிந்துவிடும். ஹோட்டலில் சலவைக்கு வந்த துண்டும் விரிப்பும் மலை மாதிரிக் குவிந்தன. போட்டிக்கு வந்தவர்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிப்பார்கள் போல. எங்களுக்கு ஒரு தடவை குளிக்கத் தண்ணீர் இல்லை.

இதையெல்லாம் உங்களிடம் போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நான்கு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். அத்தையின் கடையைப் பற்றி மட்டும் உங்களிடம் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்று அவரே சொன்னார்.

தெரு முனையில் இருந்த சாவிக் கடைப் பெட்டியை முதல் வாரமே லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு அதிகாரி கையில் அட்டையோடு வந்தார். “தற்காலிகமாதாம்மா, போட்டி முடிஞ்சதும் இதே இடத்துல வச்சுக் குடுத்துடுவோம்” என்றார். அத்தை விடவில்லை. “இருபத்தாறு வருஷமா இதே முனையில உக்காந்து சாவி போடறேன். உங்க ஆபீஸ் பீரோவைத் திறக்க முடியாம என்னைத்தான கூட்டிட்டுப் போனீங்க. எனக்கே காது குத்தறியா நீ?” என்று கேட்டார். அவர் குரல் உங்களுக்குத் தெரியுமே, நான்கு வீடு தள்ளிக் கதவைத் திறந்து பார்த்தார்கள். அந்த அதிகாரி காதே இல்லாதவர் மாதிரி அட்டையில் எதையோ குறித்துக்கொண்டு போனார்.

அத்தை சும்மா இருப்பாரா? சாவியை இறுக்கிப் பிடிக்கிற வைஸையும் அரங்களையும் ஒரு சாக்கில் கட்டி மாடிக்குத் தூக்கி வந்து, சமையல் மேடை ஓரத்தில் வைஸைத் திருகி மாட்டிவிட்டார். தெருவுக்குள் இருப்பவர்களாவது வருவார்கள் அல்லவா என்றார். சமையலறை முழுக்க இரும்புத் தூள். தோசைக்கல், டம்ளர், என் தலைமுடி வரை இரும்புத் தூள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் அதற்காகத்தான் நான் கத்தினேன். “இது சமையல்கட்டா பட்டறையா” என்றேன். “சாவி போட்டுத்தாண்டி உன் புருஷனை வளர்த்தேன், இந்தத் தூளைத் தின்னுதான் வளர்ந்தான்” என்றார். நான் பாத்திரத்தை ஓங்கி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டேன். அவர் பேசிக் கேட்ட கடைசி முழு வாக்கியம் அதுதான். இதை எழுதாமலும் விட்டிருக்கலாம். உங்களிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று எழுதுகிறேன்.

அன்று சைக்கிள் பந்தயம். ஊரைச் சுற்றிப் பதினான்கு சுற்று. காலை ஆறு மணி முதல் பகல் இரண்டு மணி வரை பெரிய சாலையின் குறுக்கே யாரும் போகக்கூடாது. ஹோட்டலுக்குப் போக வழி இல்லாததால் நானும் வீட்டில் இருந்தேன். மணி ஒன்பதே முக்கால் இருக்கும். அரம் தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு ஏதோ கீழே விழுந்த சத்தம். கோபத்தில் கொஞ்ச நேரம் எழுந்து வரவில்லை. வந்து பார்த்தால் அரம் தரையில் கிடக்கிறது, அத்தை ஸ்டூலில் உட்கார்ந்தபடி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார், வேறு யாருடைய கையோ மடியில் கிடப்பது போல. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்ன அத்தை என்றேன். ஏதோ சொன்னார். சொல் வரவில்லை, சத்தம்தான் வந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அனுப்புகிறோம், ஆனால் பெரிய சாலையின் அந்தப் பக்கம்தான் நிற்க முடியும், நீங்கள் கடந்து வந்துவிடுங்கள் என்றார்கள். அந்தப் பக்கம் என்றால் எது? ஆஸ்பத்திரியே அந்தப் பக்கம்தானே இருக்கிறது. நம் தெரு முனையில் நின்றால் அதன் எட்டு மாடியும் தெரியும், அவசர சிகிச்சை என்ற சிவப்பு எழுத்தைப் படிக்கலாம். நடுவில் ஒரு சாலை. அவ்வளவுதான்.

கீழ்வீட்டு ஆட்டோக்காரர் ஓடி வந்தார். அத்தையை நம் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, என் புடவையால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, அவர் முன்பக்கமும் நான் பின்பக்கமுமாகப் பிடித்து மூன்று மாடி இறக்கினோம். தெரு முனைக்குப் போனால் இடுப்புயர இரும்புத் தடுப்பு. அதன் ஓரம் முழுக்கக் கூட்டம், கொடி, ஊதல். நாற்காலியைப் பார்த்ததும் சிலர் விலகி வழி விட்டார்கள். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? பாவம், நடக்க முடியாத அம்மா பந்தயம் பார்க்க வந்திருக்கிறார் என்று. ஒரு பச்சைச் சட்டை வாலண்டியர் பெண் சிரித்துக்கொண்டே அத்தையின் வலது கையில் ஒரு காகிதக் கொடியைத் திணித்தாள். அது கீழே விழுந்தது. அவள் எடுத்துத் துடைத்து மறுபடியும் திணித்தாள்.

நான் அவளிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப் போய் ஒரு காவலரைக் கூப்பிட்டாள். அவர் வாக்கி-டாக்கி வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டார். கழுத்தில் மூன்று அட்டை தொங்கவிட்டிருந்த ஆள். அவர் அத்தையைப் பார்க்கவே இல்லை, என் பாஸைப் பார்த்தார். “கண்ட்ரோல் ரூம்ல பர்மிஷன் வரணும். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க” என்றார். எதிரே ஆம்புலன்ஸ் நிற்பது தெரிகிறது. அதில் வந்தவர்கள் கை காட்டுகிறார்கள். சைக்கிள்கள் ஒரு கூட்டமாக விர்ரென்று போய்விட்டால் அடுத்த சுற்றுக்கு அவை வரப் பதினோரு நிமிடம் ஆகிறது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் சாலை துடைத்துப் போட்டது போலக் காலியாகக் கிடக்கிறது. கடக்க அரை நிமிடம் போதும். “பர்மிஷன் வரலைம்மா” என்றார். அடுத்த சுற்றுக்கும் அதையே சொன்னார். ஆட்டோக்காரர் அவர் காலில் விழாத குறை. “சார், ரோடு காலியாத்தான சார் கிடக்கு, உங்க அம்மாவா இருந்தா இப்படி நிக்க வைப்பீங்களா” என்று கேட்டார். “லைவ் போயிட்டிருக்கு. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். எனக்கும் மேல ஆள் இருக்கு” என்று அந்த மனிதர் திரும்பி நின்றுகொண்டார்.

ஒன்றரை மணி நேரம் அத்தான். வெயிலில். அத்தையின் வாயோரம் வழிவதைத் துடைத்துத் துடைத்து என் முந்தானை நனைந்துவிட்டது. அவர் கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பயந்து நான் பார்த்ததே இல்லாத கண்.

பதினொன்றரை மணிக்குத் தடுப்பின் ஒரு கொக்கியைக் கழற்றினேன். பூட்டுப் போடாமல் வெறும் கொக்கிதான் போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார், நாற்காலியைத் தூக்கினார். ஓடினோம். விசில் ஊதினார்கள், பின்னால் யாரோ என் தோளைப் பிடித்து இழுத்ததில் ஜாக்கெட் கிழிந்தது. எந்தச் சைக்கிள்காரரும் விழவில்லை, யார் மீதும் மோதவில்லை. அவர்கள் வளைவில்கூடத் திரும்பியிருக்கவில்லை. இதை இங்கே யாரும் நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள். நாங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, அத்தையை ஆம்புலன்ஸ் படுக்கையில் மாற்றிய பிறகுதான் முதல் சைக்கிள் வந்தது.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதன் மூன்றாம் பக்கத்தில் ஒரு வேடிக்கை எழுதியிருந்தீர்கள். சைக்கிள் பந்தயத்தின் நடுவே ஒரு பைத்தியக்காரப் பெண் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடினாள், மேலே ஹெலிகாப்டரில் இருந்து காட்டினார்கள், எறும்பு சர்க்கரை தூக்கிப் போவது மாதிரி இருந்தது, கேம்பில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், நீ பார்த்தாயா என்று கேட்டிருந்தீர்கள்.

பார்த்தேன், அத்தான். நான்தான் அது. நாற்காலியில் இருந்தது உங்கள் அம்மா.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகும். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிறகு யோசித்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் எறும்பாகத்தான் தெரியும். டிவியில் பேசியவர் 'ஆர்வம் மிகுந்த ரசிகை' என்றாராம். நீங்கள் பைத்தியம் என்றீர்கள். உங்களுடையது பரவாயில்லை.

*

இரண்டு நாளாக எழுதவில்லை. மீதியை இப்போது முடித்துவிடுகிறேன்.

அத்தைக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். ஊசி போட்டார்கள். அந்த டாக்டர் நல்ல மனிதர், ஆனால் மறைத்துப் பேசத் தெரியாதவர். “முதல் மணி நேரத்துல கொண்டு வந்திருந்தா கை இவ்வளவு போயிருக்காதும்மா” என்றார். நான் தடுப்பைப் பற்றிச் சொன்னதும் ஜன்னலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்தார். வலது கையும் வலது காலும் வரவில்லை. காலாவது கோலூன்றி நடக்கிற அளவுக்கு வந்துவிடும் என்கிறார்கள். கையைப் பற்றிக் கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள். அது சாவி வெட்டுகிற கை என்று அவர்களிடம் எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது?

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அதற்குள் போட்டி முடிந்து, தடுப்பு, துணி எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அத்தை கடை இருந்த முனையில் இப்போது சிமெண்டுத் தொட்டியில் பூச்செடி நிற்கிறது. கடைப் பெட்டி எங்கே என்று மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். மூன்றிலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டினார்கள்.

பெட்டி வரவில்லை, நோட்டீஸ் வந்தது. என் பேரிலும் ஆட்டோக்காரர் பேரிலும் வழக்காம். போட்டிக்கு இடையூறு செய்தது, வீரர்களின் உயிருக்கு ஆபத்து விளைவித்தது. அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வேறு வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த மனிதர் ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. “தூக்கினது நாந்தானே, எந்தக் கோர்ட்டுல கேட்டாலும் தூக்கினேன்னுதான் சொல்வேன்” என்றார். அவர் மனைவிதான் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை போட்டிக் குழுவிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் தயாராக டைப் அடித்த காகிதம். விவரம் தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. “இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா கேஸை அப்படியே விட்டுடுவாங்க. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி” என்றார். எல்லா விவரமும் தெரிந்துதான் செய்தேன், அன்றைக்கு அங்கே நின்றவர்களில் விவரம் தெரிந்தது எனக்கும் ஆட்டோக்காரருக்கும் மட்டும்தான் என்றேன். அவர் அத்தையின் கட்டில் பக்கம் திரும்பி, “அம்மா, நீங்களாவது உங்க மருமகளுக்குச் சொல்லுங்க” என்று குழைந்தார்.

அத்தைக்கு எல்லாம் புரிகிறது, அத்தான். சொல்லத்தான் சொல் இல்லை. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்திருக்கிறது. 'போடா' என்பது. ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் டாக்டரைப் பார்த்து முதல் தடவை தெளிவாகச் சொன்னார். கோபத்தில் வருகிற சொல் மட்டும் சிலருக்கு மிஞ்சும் என்று டாக்டர் சிரித்தார். தண்ணீர் வேண்டுமென்றாலும் 'போடா', வலிக்கிறது என்றாலும் 'போடா'. எனக்கும் 'போடா'தான். குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து எது எது என்று இப்போது எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்த மனிதரைப் பார்த்து அவர் சொன்னதில் மட்டும் மாற்றுப் பொருள் எதுவும் இல்லை. அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். வருகிற பதினான்காம் தேதி கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு என்ன ஆகுமோ தெரியாது. கிழிந்த ஜாக்கெட்டைத் தைக்காமல் வைத்திருக்கிறேன், கேட்டால் காட்ட. பயமாக இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறேன்.

நீங்கள் கட்டுகிற ஸ்டேடியத்தின் முன்னால் மஞ்சள் தொப்பியோடு நின்று எடுத்த படத்தை அத்தைக்குக் காட்டினேன். இடது கையால் வாங்கி வெகுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். உங்களுக்குப் பின்னால் தூரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள் தெரிகின்றன, ஒரு மாடியில் துணி காய்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள், அத்தான்? அவர்களுடைய ஆஸ்பத்திரி சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது? உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, கம்பி கட்டுகிறவர் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருக்கிறது, ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன். அத்தைக்குத் தலை வாரிவிடுகிறேன். ஊட்டும்போது கடிக்கிறார். வைஸைச் சமையல் மேடையிலிருந்து கழற்றவில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள், மேஸ்திரியிடம் வாயைக் கொடுக்காதீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கிருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அதை நானும் சொல்கிறேன், சொல்ல முடியாத அவருக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை போன் செய்யுங்கள். இனி பொய் சொல்ல மாட்டேன், போனை அத்தையின் இடது காதில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் அழாமல் பேசுங்கள், என்ன சமைத்தீர்கள், எத்தனை மாடி எழும்பியிருக்கிறது, எதையாவது பேசுங்கள். அவர் திரும்ப உங்களிடம் அந்த ஒரு சொல்லைத்தான் சொல்வார். பெற்ற பிள்ளைக்கென்று தனியாக வேறு சொல் அவரிடம் மிச்சம் இல்லை. நீங்கள் அதை அப்படியே பொருள் எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வழியையும் அத்தையையும் பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி